மூன்று பேருக்குச் சமையல்

அந்த விருந்துக் கூடத்துச் சமையலறையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. சாப்பாடு பத்தாமல் போகக் கூடாது. அடி பிடித்தால் மேலாக எடுத்துப் பரிமாறலாம். காரம் கூடினால் எதையாவது சேர்த்துத் தேற்றலாம். ஆனால் கடைசி மேசையில் இருப்பவர் தட்டோடு எழுந்து வந்து இன்னும் இருக்கிறதா என்று கேட்கும்போது கையை விரித்தால், அதோடு கூடத்தின் பெயர் போயிற்று. முதலாளியம்மா புதிதாகச் சேருகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்.

தலைமைச் சமையல்காரிக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எண்பது பேர் என்றால் அவள் கை தானாகவே நூறு பேருக்கு அள்ளும். அவளுக்குச் சமையலறையில் 'பெரிய கரண்டி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவள் காதுக்கும் எட்டியிருந்தது, அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

நூறு பேருக்குச் சமைத்து எண்பது பேர் சாப்பிட்டால் மிச்சம் எங்கே போகும்? டப்பாக்களில் அடைபட்டு அவள் வீட்டுக்குப் போகும். அவள் கணவர் அதே கூடத்தின் வேன் ஓட்டுகிறவர். கணவரின் தம்பி அவளுக்குப் பக்கத்து அடுப்பில் நிற்கிறவன். ஆக மொத்தக் குடும்பமும் அந்தக் கூடத்தின் மிச்சத்தில்தான் வளர்ந்தது. வீட்டு அடுப்பு டீ போடவும் வெந்நீர் வைக்கவும் மட்டும் எரிந்தது. குளிர்பெட்டியைத் திறந்தால் மேல் தட்டில் யாருடைய கல்யாணமோ இருக்கும், நடுத்தட்டில் யாரோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார், கீழே பாதிப் பெயர் வெட்டுப்பட்ட பிறந்தநாள் கேக் இருக்கும். மகள் சின்ன வயதிலிருந்தே முன்பின் தெரியாதவர்களின் பெயரைத் தின்று வளர்ந்தவள்.

கோடை முடிந்தது. தெருவில் வரிசையாக நின்ற மரங்கள் மஞ்சளாகி, பழுப்பாகி, காற்றடித்தபோதெல்லாம் நடைபாதையில் கொட்டின. கூடத்துக்கு முன்பதிவுகள் குறைந்தன. அந்த ஊரில் இலை விழும் காலத்தில் யாரும் விருந்து வைப்பதில்லை. குளிர் இறுகிய பிறகுதான் மறுபடி ஆரம்பிப்பார்கள். நடுவில் கிடைக்கும் அந்த அமைதியான வாரங்களில் முதலாளியம்மா யாரையும் சும்மா விட்டதில்லை. பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்க்கச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்துக்கு மேலே இருக்கும் தன் வீட்டுக்கு விருந்தாளிகளை அழைத்து, 'சும்மா வீட்டு விஷயம்தான்' என்று சமைக்கக் கூப்பிடுவார்.

அந்த வருடம் அப்படி நடக்கவில்லை. அதற்குக் காரணம் மகள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்.

வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வீட்டில் செய்யும் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்களாம். இவள் முறை வந்தபோது, எங்கள் வீட்டுக்கு மற்றவர்கள் சாப்பிட்டு மிஞ்சியது வரும் என்று சொன்னாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. யாருடைய நிச்சயதார்த்தத்திலோ மிஞ்சிய கோழித்துண்டை மென்றுகொண்டேதான் சொன்னாள். அவள் அழுதிருந்தால் அம்மா சமாதானப்படுத்திவிட்டுப் படுத்திருப்பாள். அழவில்லை என்பதுதான் அம்மாவைக் குத்தியது.

அவள் எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்து, அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள டப்பா வராது. குளிர் சீசன் தொடங்குற வரைக்கும் ஞாயித்துக்கிழமை வேலைக்கும் போக மாட்டேன். வீட்டுல சமைப்போம், சாப்பிடுவோம், எங்கயாவது போவோம்."

கணவர் பாதி சந்தோஷத்தோடும் பாதி பயத்தோடும் அவளைப் பார்த்தார். அந்தம்மா கேட்டால் என்ன சொல்வது என்றார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்று படுத்த பிறகு அவளுக்கே பயம் வந்தது. முதலாளியம்மாவை நினைத்து மட்டும் அல்ல. மூன்று பேருக்குச் சமைத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தாள். சமைத்ததே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கல்யாணம் ஆன புதிதிலேயே அந்தக் கூடத்து வேலைக்கு வந்துவிட்டவள் அவள்.

முதல் நாள் உருளைக்கிழங்கு சூப். கடைக்குப் போனவள் பழக்க தோஷத்தில் மூட்டையோடு வாங்கி வந்துவிட்டாள். கை பாட்டுக்குத் தோலைச் சீவியது, கை பாட்டுக்கு வெட்டியது. வீட்டில் இருந்த மூன்று பாத்திரங்களும் நிறைந்து, மீதியை வாளியில் ஊற்ற வேண்டியதாயிற்று. மாடிக்காரர்களும் கீழ்வீட்டுக்காரர்களும் வயிறு முட்டக் குடித்தார்கள். அப்புறமும் அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் சூப்தான். டப்பாவில் வராத மிச்சம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த முறை எல்லாவற்றையும் குறைத்தாள். உப்பை மட்டும் கை கேட்கவில்லை. மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கணவர் மூச்சுக் காட்டாமல் மென்று விழுங்கினார். அதற்கடுத்த முறை பயந்து பயந்து போட்டதில், முட்டையும் காளானும் உப்புச் சப்பில்லாமல் தட்டில் கிடந்தன.

மாலையில் எட்டிப் பார்த்த கொழுந்தன் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுவிட்டு நெடுநேரம் யோசித்தான்.

"அண்ணி, ஒண்ணு பண்ணுங்க. இன்னும் ஒரு தொண்ணூத்தேழு பேரைக் கூப்பிடுங்க. சரியா வந்துரும்."

கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். அவளும் சிரித்தாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடமாகச் சமைத்தது தான்தானா, அல்லது அந்தப் பெரிய அண்டாவா என்று ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது. ஊரே புகழ்ந்த கைக்குத் தன் பிள்ளைக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியவில்லை. தோற்றுவிட்டேன் என்று டப்பாவைத் திரும்ப எடுத்து வர அவளால் முடியாது. அதைவிட வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு பட்டினி கிடக்கலாம்.

பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை அவள். மறுநாள் சாப்பிடும் தட்டு மூன்றையும் மேசைமேல் வைத்தாள். தானும் கணவரும் மகளும் என்ன சாப்பிடுவார்களோ அதைப் பச்சையாகவே அந்தந்தத் தட்டில் எடுத்து வைத்தாள். கணவருக்கு ஒரு கிழங்கு கூடுதல், மகளுக்குப் பூசணியில் பெரிய துண்டு. தட்டில் இருந்ததை மட்டும் வெட்டிப் பாத்திரத்தில் போட்டாள். பார்க்கவே பயமாக இருந்தது. பாத்திரத்தின் அடி தெரிந்தது. கை தன்னைமீறி இன்னொரு கிழங்கை எடுக்கப் போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

உப்புக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றையும் சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டிவிட்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளியதுதான் உப்பு. மகளுக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்துப் போயிற்று. அம்மா கையைக் கைது பண்ணிவிட்டாள் என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அன்றைக்குச் சாப்பாடு சுமாராக வந்தது. அடுத்த வாரம் நன்றாகவே வந்தது. அடுப்பில் சுட்ட பூசணி, வெங்காயம் போட்டு வதக்கிய காளான், வெண்ணெயில் வாட்டிய ரொட்டி. ஜன்னலுக்கு வெளியே சீக்கிரமே இருட்டிவிட, சமையலறை விளக்கின் கீழே மூவரும் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பானையில் எப்போதும் கொஞ்சம் மிஞ்சியது. அந்தக் கொஞ்சத்தை அவளால் விட முடியவில்லை. பத்தாமல் போய்விட்டால் என்ற பயம், ரப்பர் பேண்டு கட்ட முடியாத இடத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போனார்கள். வேன் வேண்டாம், பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று கணவர் ஒற்றைக் காலில் நின்றார். வருடம் பூராவும் ஓட்டுகிறவர், ஒரு நாளாவது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வர வேண்டுமாம். உட்கார்ந்தவர் வழி நெடுக ஓட்டுநரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். இப்படியா பிரேக் போடுவது, வளைவில் இப்படியா திருப்புவது. ஓட்டுநர் கண்ணாடியில் முறைத்ததும் தலையைக் குனிந்து மகள் கொடுத்த ஆப்பிளைக் கடித்தார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார்.

அவருடைய அண்ணன் குடும்பம் வெளிநாட்டிலிருந்து வருகிறதாம். வருகிற ஞாயிறு மதியம், மேலே வீட்டில், பதினைந்து பேர். சும்மா வீட்டு விஷயம்தான். தேய்த்துக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவில் நின்று அவர் சொல்லி முடிக்கும் வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, ஞாயிறு வருவதற்கில்லை என்றாள்.

"வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போற?"

"சாப்பிடப் போறேம்மா."

"அதை இங்கயே வந்து சாப்பிடேன். யாரு வேணாம்னா?"

"இங்க எனக்கு மிச்சம்தாம்மா கிடைக்கும்."

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யாரோ குழாயை மூடினார்கள். முதலாளியம்மாவின் முகம் மாறியது. கெட்டவர் இல்லை அவர். மிச்சத்தைக் குப்பையில் போடாமல் வேலைக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவதைத் தன் நல்ல குணமாகவே இத்தனை வருடமும் நினைத்திருந்தவர். அதனாலேயே அந்தச் சொல் அவருக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை கரண்டியை யார் பிடிக்கிறார்களோ அவர்களேதான் குளிர் சீசன் முழுக்கப் பிடிப்பார்கள் என்றார். கொழுந்தனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவன் தரையைப் பார்த்தான்.

அவள் ஆணியில் தொங்கிய நீளக் கைப்பிடிக் கரண்டியைக் கழற்றினாள். அதன் பிடி அவள் கைக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தது. கொழுந்தன் கையில் அதைக் கொடுத்தாள்.

"புடி."

"அண்ணி..."

"புடின்னா புடி. கை சுடாது."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தெரு முனை வரை நிமிர்ந்து நடந்தாள். முனை திரும்பியதும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். பெரிய கரண்டி இல்லாத அவளை இனி என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? வீட்டில் கணவர் திட்டவில்லை. கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். யோசித்தேன், அதனால்தான் கொடுத்தேன் என்றாள்.

ஞாயிறன்று ஏரிக்குப் போனார்கள். கோடையில் ஜனம் நெரியும் கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. கவிழ்த்த படகு ஒன்றின் முதுகில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். காற்று காதைக் கடித்தது. மகள் தட்டைக் கற்களாகப் பொறுக்கித் தண்ணீர்மேல் தத்தவிட்டாள். அப்பா வீசிய கல் ஒவ்வொன்றும் 'ளொடக்' என்று நேராக அடியில் போய்ச் சேர்ந்தது. வேன்காரர் கல்லையும் பாரம் இறக்குவது போலத்தான் இறக்குகிறார் என்று மகள் கேலி செய்தாள்.

கரையில் மீன் விற்றவரிடம் அவள் மூன்று மீன் வாங்கினாள். வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பொரிக்கலாம் என்று எண்ணம். விற்றவர் நாலாவதாக ஒன்றை எடுத்து வைத்துச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவள் கை நீண்டது. பிறகு அதை இழுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். மூன்று போதும் என்றாள்.

அப்போதுதான் போன் அடித்தது. கொழுந்தன். குரல் கம்மியிருந்தது. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அண்ணி, பதினஞ்சு பேருக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. வச்சிட்டேன். அண்டா நிறைய வந்துருச்சு. உப்பும்..."

அவன் சொல்லி முடிக்காமலேயே அவளுக்கு விளங்கியது. அந்தச் சமையலறையில் நின்ற அத்தனை கைக்கும் அதே வியாதிதான். தட்டை வைத்து அளந்திருக்கலாம், விரலைக் கட்டியிருக்கலாம். இப்போது சொல்லி என்ன பயன்? பஸ் ஏறினால் பரிமாறும் நேரத்துக்குள் போய்விடலாம். கணவர் பஸ் நிறுத்தத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மகள் கையிலிருந்த கல்லை வீசாமல் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

"கிழங்கை அவிச்சு உடைச்சுப் போடு, உப்பு இறங்கும். கூடிப்போச்சுன்னா யாரும் செத்துற மாட்டாங்க," என்றாள். "நான் வரலப்பா. வெளிய வந்திருக்கேன்."

போனை அணைத்துப் பையில் போட்டாள். மகள் கல்லை வீசினாள். அது நான்கைந்து தரம் தத்திப் போய் முழுகியது.

வீடு திரும்பி அடுப்பைப் பற்றவைத்தாள். தட்டு மூன்றையும் வைத்து அளந்தாள். விரலைக் கட்டிக்கொள்ளவில்லை. ரப்பர் பேண்டை எங்கே வைத்தாள் என்பதே மறந்து போயிருந்தது. மீன் தோல் மொறுமொறுவென்று சிவந்து வரும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

வாசலில் முதலாளியம்மா நின்றார். பின்னால் கொழுந்தன், மோவாய் வரைக்கும் டப்பாக்களை அடுக்கிச் சுமந்துகொண்டு. அசடு வழியச் சிரித்தான். பதினைந்து பேர் சாப்பிட்டும் அண்டா குறையவே இல்லையாம். அண்ணன் குடும்பத்தில் பாதிப் பேர் கொறித்துவிட்டு எழுந்துவிட்டார்களாம். எறிய மனசு வரவில்லை என்றார் முதலாளியம்மா. அவர் குரலில் காலையிலிருந்து நின்ற களைப்பு இருந்தது, அதிகாரம் இல்லை.

சாப்பாட்டைக் குப்பையில் போடுவதை அவளால் கனவிலும் பார்க்க முடியாது. மூடியின் ஓரத்தில் வழிந்திருந்த குழம்பைப் பார்த்தே அதில் எது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. எடுத்து வைத்துத் தேற்றிவிடலாம், ஒரு வாரம் ஓடிவிடும். மகள் மேசையில் முள்கரண்டியைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் டிப்போவுக்குக் கொண்டு போங்கம்மா," என்றாள். "ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டிட்டு வர்றவங்க பசியோட இருப்பாங்க. இவரு வந்து வழி காட்டுவாரு."

"உன் வீட்டுக்குள்ள ஒரு டப்பா வைக்க இடமில்லையா?"

"டப்பா உள்ள வராதும்மா. நீங்க வாங்க."

முதலாளியம்மா புரியாமல் டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க இன்னும் சாப்பிடல. முகத்தைப் பாத்தாலே தெரியுது. உள்ள வந்து உக்காருங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். கொழுந்தன் டப்பாக்களை மாடிப்படியில் இறக்கி வைத்துவிட்டு, அண்ணி தன்னையும் சேர்த்துத்தான் கூப்பிட்டாளா என்று கேட்காமலேயே உள்ளே வந்து கை கழுவினான். கணவர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை முதலாளியம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஆரம்பத்தில் சூப் ஊற்றிய அதே வாளி.

மூன்று மீன், ஐந்து பேர். மகள் தன் மீனை முள் எடுத்துப் பாதியாக்கி முதலாளியம்மாவின் தட்டில் வைத்தாள். கணவர் தம்பிக்குப் பாதி கொடுத்தார். கிழங்கை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டார்கள். பூசணி மூன்று துண்டு ஐந்தானது. முதலாளியம்மா முதல் வாயை வைத்ததும் உடனே அடுத்த வாயை எடுத்தார். தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார். ஆயிரம் விருந்து நடத்தியவர் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடுவதை அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"குளிர் சீசனுக்கு எனக்கு அந்தக் கரண்டி வேணாம்மா," என்றான் கொழுந்தன் வாய் நிறைய வைத்துக்கொண்டு. "அது ஒரே நாள்ல கையை ஒடிச்சிருச்சு. அண்ணிகிட்டயே இருக்கட்டும்."

முதலாளியம்மா அவளைப் பார்த்தார். அடுத்த ஞாயிறும் வரமாட்டாயா என்று கேட்டார். வரமாட்டேன் என்றாள். அதற்கடுத்த ஞாயிறு? அன்றும் வரமாட்டேன், சீசன் தொடங்கட்டும் என்றாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முதலாளியம்மா பெருமூச்சு விட்டார்.

"திங்கக்கிழமையாவது நேரத்துக்கு வந்து சேரு," என்றவர், பாத்திரத்தின் பக்கம் தலையை ஆட்டினார். "அந்தக் கிழங்கு இன்னும் ஒண்ணு இருக்கா?"

மகள் எழுந்து பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அடி பளபளவென்று தெரிந்தது.

"அம்மா, பத்தல."

கொழுந்தன் மெல்லுவதை நிறுத்தினான். கணவர் வாளியின்மேல் நிமிர்ந்தார். தொழிலில் இருக்கிற நான்கு பேரும் அந்த ஒரு சொல்லைக் கேட்டு ஒரு கணம் அப்படியே உறைந்தார்கள். அவள் பாத்திரத்தை மகளிடமிருந்து வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு துளிகூட இல்லை. மூடி போட்டு வைக்க எதுவும் இல்லை.

"ஆமா," என்றாள். "தீந்துபோச்சு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு கணவரும் கொழுந்தனும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பினார்கள். மேசையைவிட்டு எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்த முதலாளியம்மாவுக்கு, மகள் ஏரியில் பொறுக்கிய தட்டைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.